மழை படாத பொட்டு

அந்தக் கடிதத்தை டைப் செய்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை ஏதோ நியாயத்துக்கென்றே பிறந்தவள் என்று யாரும் நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

கடிதத்தில் இப்படி இருந்தது: ஸ்டோர் அறையின் பூட்டை அனுமதி இல்லாமல் உடைத்தீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தீயணைப்புக் கலன்களை விட்டுவிட்டு, பதற்றத்தில் நேரத்தை வீணாக்கினீர்கள். அதனால் வாடிக்கையாளரின் படகு முழுவதும் எரிந்துபோனது. உங்களை ஏன் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று விசாரணையில் விளக்க வேண்டும். மலாயில் டைப் செய்தேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. பதினோரு வருடமாகக் கிராணி வேலை, அதாவது ஆபீஸ் குமாஸ்தா வேலை பார்க்கிறேன், பிழை வருமா? அச்சடித்து மேனேஜர் மேசையில் வைத்தேன். அந்த மேசையை அப்படியே கவிழ்த்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. கவிழ்க்கவில்லை. “முடிஞ்சிருச்சு சார்” என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜார்ஜ் டவுனில் கடலை ஒட்டி இருக்கிற படகுத்துறை அது. மீன்பிடிப் படகுகள் இல்லை, உல்லாசப் படகுகள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மிதக்கும் நடைபாதைகள் இருக்கும், அவற்றைப் பாண்டூன் என்போம். அதன் இரு பக்கமும் படகுகள் கட்டிக் கிடக்கும். ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் ஒரு மின்கம்பம். அதில் கேபிளைச் செருகி, ஏர்கோன் போட்டு, படகிலேயே குடியிருக்கிற வெள்ளைக்காரர்களும் உண்டு. மின்சாரமும் டீசலும் உப்புத் தண்ணீரும் ஓரடி இடைவெளியில் இருக்கிற இடம். இங்கே நெருப்பு வராது என்று நினைக்க ஒரு தனி மூளை வேண்டும். எங்கள் மேனேஜருக்கு அந்த மூளை இருந்தது.

படகுகளைக் கட்டுவது, அவிழ்ப்பது, கயிறு மாற்றுவது, மின்கம்பத்தைப் பார்ப்பது எல்லாம் அண்ணன் வேலை. என் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. இந்தத் துறை கட்டிய நாளிலிருந்து இருக்கிறார். வயது ஐம்பத்தாறு. மனைவி உடம்பு சரியில்லாமல் வீட்டோடு இருக்கிறார். அண்ணனுக்கு இதைத் தவிர வேறு வேலை தெரியாது. இந்த வயதில், ‘நீக்கப்பட்டவர்’ என்ற தாளோடு போனால் பினாங்கில் எந்தப் படகுத்துறையும் அவரை உள்ளே விடாது. அந்தக் கடிதத்தில் அவருடைய எஞ்சிய பிழைப்பு முழுக்க இருந்தது. அதைத்தான் நான் பிழையில்லாமல் டைப் செய்தேன்.

இப்போது தோங் கதைக்கு வருகிறேன். சமையல் காஸ் வருகிற உருளையை இங்கே நாங்கள் தோங் என்போம். தீயணைப்புக் கலனுக்கும் அதே பெயர்தான், சிவப்புத் தோங். பாண்டூன்களில் மொத்தம் எட்டு இருந்தன. உப்புக் காற்றில் எதுதான் நிற்கும்? ஆறு மாதத்தில் அடிப்பக்கம் துருப்பிடித்துவிடும். முன்பெல்லாம் துருப்பிடித்தால் மாற்றுவார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். நம் ஆள்தான், தமிழர், நன்றாகப் படித்தவர், சட்டை மடிப்புக் கலையாதவர். வந்த வருடமே போம்பாவிலிருந்து, அதாவது தீயணைப்பு இலாகாவிலிருந்து, சோதனைக்கு வந்தவர்கள் துருப்பிடித்த மூன்று தோங்குகளைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். அவருக்கு மானம் போய்விட்டது. மறுநாள் எட்டுப் புது தோங்குகளை வரவழைத்தார். வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? அத்தனையையும் ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினார்.

“வெளிய வெச்சாதானே துருப்புடிக்கும்? உள்ளயே இருக்கட்டும்லா. போம்பா வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து மாட்டலாம்” என்றார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்று சிரிப்புத்தான் வந்தது. வருடத்துக்கு ஒரு நாள், போம்பா ஆட்கள் வருவதற்கு முன், தள்ளுவண்டியில் எட்டுத் தோங்குகளும் ஊர்வலம் போகும். பாண்டூன் கொக்கிகளில் மாட்டுவோம். அவர்கள் வந்து பார்த்து, பளபளவென்று இருப்பதைப் பாராட்டி, சோதித்ததற்கு அடையாளமாக ஒரு சீட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலமே தோங்குகள் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். சாவி மேனேஜரின் சாவிக்கொத்தில் தொங்கும். ஒரே சாவி. இன்னொன்று செய்து வைக்கலாமே என்று அண்ணன் கேட்டதற்கு, “அப்புறம் ஆளாளுக்கு எடுப்பீங்க” என்று பதில் வந்தது.

இதில் என் பங்கு வேறு இருக்கிறது. மாதம் ஒரு முறை ஒரு தாளை நிரப்ப வேண்டும். எட்டு வரிசை. முதல் தோங் இடத்தில் இருக்கிறதா, இரண்டாவது இருக்கிறதா என்று போகும். பாண்டூனில் நடந்து, பார்த்து, எழுத வேண்டிய தாள். நான் மேசையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே எட்டிலும் ‘இருக்கிறது’ என்று குறி போட்டு அடியில் கையெழுத்துப் போடுவேன். முதல் மாதம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, “சும்மா சைன் போடுங்கக்கா, இதெல்லாம் யாரு படிக்கப் போறா” என்றார். அவருக்கு என்னிடம் ஏதாவது ஆக வேண்டும் என்றால் நான் அக்கா. மற்ற நேரமெல்லாம் மேடம். போட்டேன். இரண்டாவது மாதம் யோசிக்கவில்லை.

தோங்குகளுக்கு வருடத்தில் இன்னொரு நாளும் வெளிச்சம் கிடைக்கும். ஆயுத பூஜை. துறையில் வேலை செய்கிற தமிழர்கள் ஆறேழு பேர் சேர்ந்து கொண்டாடுவோம். ஸ்பேனர், கயிறு வெட்டும் கத்தி, தண்ணீர் பம்பு, தள்ளுவண்டி, என் கணினி வரைக்கும் பொட்டு வைப்போம். படகு எரிவதற்கு முந்தின அக்டோபரில் ஸ்டோர் வாசலிலேயே பூஜை. எட்டுத் தோங்குகளையும் துடைத்து வரிசையாக நிறுத்தினார் அண்ணன். நான் சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் கட்டை விரலால் அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தேன். மேனேஜரும் வந்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார், சுண்டலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். முடிந்ததும் அவரே ஸ்டோரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். உயிர் காக்கிற சாமானைக் கும்பிட்டுவிட்டுப் பூட்டி வைக்கிற ஜாதி நாம். அன்று எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை, சுண்டலில் உப்புக் கம்மி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நல்ல வெயில். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மேனேஜர் வெளியே போயிருந்தார். பாண்டூன் பக்கமிருந்து யாரோ கத்துகிற சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் படகின் பின்பக்கத்திலிருந்து கறுப்புப் புகை. கேபிள் செருகுகிற இடம் சூடேறி உருகி, பற்றிக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். உரிமையாளர் கரையில் எங்கேயோ சாப்பிடப் போயிருந்தார். அடுத்த படகில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் முதலில் அந்த வரிசைக்கே மின்சாரத்தை நிறுத்தினார். அது தெரியாமல் தண்ணீரைப் பீய்ச்சியிருந்தால் நான்கு பேர் போயிருப்பார்கள். பிறகு கிழவரைத் தட்டி எழுப்பி, கையைப் பிடித்து இழுத்து, பாண்டூனில் ஏற்றிவிட்டார். பிறகு என்னிடம் ஓடி வந்தார்.

“சாவி எங்கம்மா?”

“அவர்கிட்ட இருக்குண்ணே.”

“கூப்புடு.”

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. போம்பாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு மறுபடி அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிடும்போதே ஸ்டோர் பக்கம் இரும்புச் சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு பழைய நங்கூரத்தைத் தூக்கிப் பூட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தார். எத்தனை அடி என்று எண்ணவில்லை. நான் குத்துக்கல் மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பூட்டு தெறித்த பிறகு இரண்டு கையிலும் இரண்டு தோங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்ப வந்தார், இன்னும் இரண்டு. மறுபடி ஒன்று.

அதற்குள் படகு பாதி எரிந்துவிட்டது. கரையில் நின்றவர்கள் கயிற்றை வெட்டி விடு, கடலில் போய் எரியட்டும் என்று கத்தினார்கள். அண்ணன் வெட்டவில்லை. நீரோட்டம் உள்ளே இழுக்கிற நேரம், வெட்டி விட்டால் எரிகிற படகு நேராக அடுத்த வரிசைக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். ஐந்து தோங்கையும் அடித்து, நெருப்பு பக்கத்துப் படகுக்குப் போகாமல் பிடித்து நிறுத்தினார். போம்பா வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது. ஒரு படகு போனது, மற்றது எல்லாம் நின்றது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அண்ணனின் இடது கை மட்டும் மணிக்கட்டு வரை வெந்திருந்தது.

மேனேஜர் வந்து சேர்ந்தார். எரிந்த படகைப் பார்த்தார், ஈரமான பாண்டூனைப் பார்த்தார், ஸ்டோரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: “யாரு பூட்ட ஒடச்சது?”

அன்றைக்கே அவரை நான் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று எங்கள் வீட்டில் பெயர். ஃபெரி வரிசையில் இடையில் நுழைகிறவனிடம் சண்டை போடுவேன், பசாரில் அழுகிய தக்காளியைப் பையில் போடுகிறவனிடம் சண்டை போடுவேன். அங்கே மட்டும் வாய் மூடிக்கொண்டது. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அலமாரியில் என் கையெழுத்துப் போட்ட தாள்கள் இருந்தன.

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் ஆள் வந்தார். தீயணைப்புக் கலன்கள் எங்கே இருந்தன என்று கேட்டார். மேனேஜர் அலமாரியைத் திறந்து என் ஃபைலைத்தான் எடுத்துக் கொடுத்தார். “மாசா மாசம் செக் பண்றோம். எட்டும் பாண்டூன்லதான் இருந்துச்சு. எங்க ஆளு பயத்துல ஸ்டோருக்கு ஓடிட்டாரு. அங்க இருந்த பழைய தோங்குகள எடுத்து அடிச்சிருக்காரு.” எவ்வளவு சுலபமாகப் பூசி மெழுகிவிட்டார். அன்று மத்தியானம்தான் அந்தக் கடிதத்தை டைப் செய்யச் சொன்னார்.

அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்தார். இடது கையில் கட்டு, அதனால் வலது கையால் மட்டும் மடிக்க முடியாமல் அப்படியே சட்டைப்பைக்குள் திணித்தார்.

“பாண்டூன்ல ஒன்னுமே இல்லன்னு உனக்குத் தெரியும்லமா” என்றார்.

“தெரியும்ணே.”

“அப்ப சொல்லு.”

நான் பிரிண்டரில் தாள் வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். காவலுக்கு இருந்த நேப்பாளிப் பையன்கள் இருவரும் ஏற்கெனவே, தோங் இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலைப் பெர்மிட் போய்விடுமோ என்ற பயம். மற்ற தமிழர்கள், நமக்கேன் வம்பு என்று சொல்லிவிட்டார்கள். சுண்டல் சாப்பிட்ட வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

விசாரணைக்கு முதல் நாள் காலை மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

“அக்கா, புதுசா அஞ்சு வாங்கி மாட்டியாச்சு. அந்த மிச்சம் மூனு தோங்கு ஸ்டோர்ல கெடக்குல்ல? தொடச்சு பாண்டூன்ல மாட்டச் சொல்லுங்க. நாளைக்கு ஹெச்.கியூ. ஆளு வர்றாங்க.”

யாரிடமும் சொல்லவில்லை, நானே போனேன். வாளியில் தண்ணீர் பிடித்து, துணியை நனைத்துப் பிழிந்தேன். பூட்டு உடைந்த கதவைத் தள்ளினேன். மூன்று தோங்குகளும் சுவர் ஓரமாக நின்றன. முதலாவதைத் துடைக்கத் துணியைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டேன். அதன் நெற்றியில் என் கட்டை விரல் இருந்தது. நான் வைத்த சந்தனம், காய்ந்து லேசாக வெடித்து, வைத்தது வைத்தபடி. நடுவில் குங்குமம் சிவப்பாக இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே.

ஐப்பசியும் கார்த்திகையும் அந்த வருடம் கொட்டிய மழை எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுப் பக்கம் மாக் மண்டினில் சாலையே தெரியாமல் தண்ணீர் நின்றது. பாண்டூனில் கூரை கிடையாது. இந்தத் தோங்குகளை ஒரு நாள் அங்கே மாட்டியிருந்தால் இந்தப் பொட்டு இருக்குமா? என் கையில் இருந்த ஈரத் துணியைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடத்தில் நானே அதை அழித்திருப்பேன். தாளில் பொய் எழுதியவள், கையோடு உண்மையையும் துடைத்து வைத்திருப்பேன். எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம். துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தோங்கை என் துப்பட்டாவில் சுற்றி அலுவலகத்துக்குத் தூக்கிவந்து என் மேசைக்கு அடியில் வைத்தேன்.

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் ஒரு சீனப் பெண்மணி, கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். மேனேஜர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். குறிப்பெடுக்க நான் ஓரத்தில். மேனேஜர் என் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். அண்ணன் தன் மலாயில், பாண்டூனில் தோங் இல்லை, இல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பக்கம் சாய்கிறார் என்பது தெரிந்தது. தாள் தெளிவாகப் பேசுகிறது, மனிதனுக்கு வார்த்தை தடுமாறுகிறது.

நான் எழுந்தேன். வெளியே போய் என் மேசைக்கு அடியிலிருந்து தோங்கை எடுத்து வந்து, அந்த அம்மாள் முன்னால் மேசை மேல் வைத்தேன்.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டார், அந்தப் பொட்டைக் காட்டி.

“பூஜைப் பொட்டு. அக்டோபரில் வைத்தது. நான்தான் வைத்தேன்.”

மேனேஜர் சிரித்தார். “ஆமா, பூஜைக்கு எடுத்து வந்தோம். அன்னிக்கு சாயங்காலமே திரும்ப பாண்டூன்ல மாட்டிட்டோம். மேடம், நீங்க போய் உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. மேசையில் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். மேனேஜருடையதை எடுத்து, மூடியைத் திருகி, தோங்கின் தலையில் ஊற்றினேன். சந்தனம் இளகி, குங்குமம் சிவப்பாக வழிந்து, அவருடைய தாள்களின் மேல் ஓடியது. பாட்டில் பாதி காலியாவதற்குள் பொட்டு இருந்த இடம் தெரியவில்லை.

“அரை பாட்டிலுக்கே தாங்காத பொட்டு சார் இது” என்றேன். “நாலு மாசம் மழையிலயும் வெயில்லயும் பாண்டூன்ல எப்படி நின்னுச்சு, சொல்லுங்க.”

அந்த அம்மாளுக்காக அதையே மலாயிலும் சொன்னேன். அந்த அம்மாள் ஈரமான தாள் ஒன்றை எடுத்து, அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

“இதுவும் நீங்கள் போட்டதுதானே?”

“ஆமாம்.”

“அப்படியென்றால் எது உண்மை?”

“பொட்டு உண்மை. கையெழுத்து பொய்” என்றேன். “சாவி கேட்டு இவர் என்னிடம் ஓடி வந்ததை நான் பார்த்தேன். பூட்டை உடைத்ததையும் பார்த்தேன். இத்தனை நாள் வாயைத் திறக்காதது என் தப்பு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.” எழுத வேண்டியவள் நான்தான் என்பது ஞாபகம் வந்து, உட்கார்ந்து எழுதினேன்.

அண்ணன் மீதிருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். வேலை நிலைத்தது. நன்றி என்று ஒரு வரி யாரும் எழுதவில்லை. மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அதே பதவியில். நல்ல மனிதர் என்று பிரிவு உபசார விருந்துகூட நடந்தது, நான் போகவில்லை. பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டதற்கு எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் வேறு கிராணி இல்லாததால் அதையும் நானே டைப் செய்தேன். பிழை இல்லை.

இப்போது எட்டுத் தோங்குகளும் பாண்டூனில் தொங்குகின்றன. அடிப்பக்கம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. மாதா மாதம் வெயிலில் நடந்து போய்த் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் முறை அப்படி நடந்து போன அன்று, பாண்டூன் முனையில் அண்ணன் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்த கை, தோல் சுருங்கி வெளுத்திருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை, வலது கையில் ஒரு கயிற்று முனையைப் பிடித்தபடி குவளையை அந்த உள்ளங்கையில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

அவர் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

“நாலு வருஷத்துல ஒரே ஒரு மாசம், ‘இல்ல’ன்னு எழுதியிருந்தின்னா போதும்மா” என்றார். “நான் பூட்ட ஒடச்சிருக்கவே வேணாம்.”

சொல்லிவிட்டு, தேத்தண்ணி முடிந்திருந்த குவளையை என்னிடம் நீட்டினார். அந்தக் கையால் கீழே வைக்க வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.